ஒரு விசையைத் தட்டினால் உள்ளே எத்தனை கூத்து!

விசைப்பலகையில் 'எல்' விசையைத் தட்டுகிறீர்கள். திரையில் 'எல்' வருகிறது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் இதுதான்: விசைப்பலகை அந்த எழுத்தை அனுப்பவே இல்லை! பழைய பிசி முறையில் உள்ளே போய்ச் சேர்ந்தது 38 என்ற வெறும் எண். விரலை எடுத்தீர்களே, அதற்கும் ஓர் எண் போயிற்று: 166. அழுத்தினால் ஓர் எண், விட்டால் அதோடு 128 கூட்டிய எண். இதற்கு ஸ்கேன் கோடு என்று பெயர். எழுத்து என்ற ஒன்று இருப்பதே விசைப்பலகைக்குத் தெரியாது. அழுத்தியது எந்த விசை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 38 என்பதை 'எல்' ஆக்குவது உள்ளே இருக்கும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம்.

அந்த உருமாற்றத்தைக் கண்ணெதிரே பார்க்க ஓர் அருமையான இடம் இருக்கிறது. பெயர் எக்ஸ்வி6. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கி 1975இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை மாதிரியாக வைத்து, 2006இல் அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவர்களுக்காகவே எழுதிய குட்டி இயங்குதளம். இதன் பழைய வடிவத்தில், தட்டுவதையும் திரையில் காட்டுவதையும் கவனிக்கும் கன்சோல் கோப்பு சுமார் 300 வரி. விசைப்பலகைக் கோப்பு அதைவிடச் சின்னது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் இரண்டையும் படித்துவிடலாம். நாம் தினமும் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு மர்மம் இத்தனை சின்ன இடத்தில் அடங்கிக் கிடப்பதை நினைத்தாலே எனக்குக் குதூகலமாக இருக்கிறது. வாருங்கள், உள்ளே போவோம்!

முதலில் இன்டெல் சில்லுக்கான பழைய வடிவம். விசை அழுந்தியதும் இன்டரப்ட், அதாவது 'இங்கே கவனி' என்ற குறுக்கீடு, வருகிறது. செயலி கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, 96ஆம் எண் போர்ட்டில் காத்திருக்கும் எண்ணை எடுக்கிறது. அடுத்து ஒரு பட்டியல், அதாவது அர்ரே. அதில் 38ஆவது இடத்தில் சின்ன 'எல்' இருக்கிறது. அவ்வளவுதான், எழுத்து பிறந்துவிட்டது!

ஷிஃப்ட் அழுத்தியிருந்தால்? அங்கேதான் விட்ட விசைக்கும் ஏன் எண் வருகிறது என்பது புரியும். 42 வந்தால் ஷிஃப்ட் அழுந்தியிருக்கிறது என்று கெர்னல் ஒரு பிட்டை ஏற்றி வைத்துக்கொள்ளும்; 170 வந்தால் இறக்கிவிடும். பிட் ஏறியிருக்கும் நேரத்தில் வரும் 38க்கு வேறொரு பட்டியலைப் பார்க்கும், அங்கே பெரிய 'எல்'. கன்ட்ரோல் விசைக்கு மூன்றாவது பட்டியல். கேப்ஸ் லாக் இன்னும் அழகு. பட்டியலிலிருந்து வந்த எழுத்து சின்னதாக இருந்தால் பெரிதாக்கும், பெரிதாக இருந்தால் சின்னதாக்கும். கேப்ஸ் லாக்கை ஏற்றிவிட்டு ஷிஃப்டையும் அழுத்தினால் சின்ன எழுத்து வருகிறதே, அதன் ரகசியம் இரண்டே நிபந்தனைகள்!

அம்பு விசைகளுக்குத் தனிக் கதை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் 83 விசைகள்தான். தனி அம்பு விசைகள் கிடையாது. வலப்பக்க எண் கட்டத்தின் 8தான் மேல் அம்பு, அதன் எண் 72. பிறகு தனி அம்புகள் வந்தபோது அதே 72ஐ வைத்துக்கொண்டு, முன்னால் 224 என்ற அடையாள எண்ணை மட்டும் சேர்த்தார்கள். அதனால் 224 வந்தால் எக்ஸ்வி6 எதையும் திரைக்கு அனுப்பாமல், அடுத்த எண்ணுக்காக அதை நினைவில் வைத்துக்கொள்கிறது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். எக்ஸ்வி6 ஓடும் ஜன்னலில் மேல் அம்பை அழுத்திப் பாருங்கள். கர்சர் மேலே போகாது, பழைய கட்டளையும் வராது. கிரேக்க எழுத்து காமா வந்து நிற்கும்! கீழ் அம்புக்குப் பை, இடத்துக்குப் பெரிய சிக்மா, வலத்துக்குச் சின்ன சிக்மா. காரணம் எளிது. மேல் அம்புக்கு இந்தக் கெர்னல் 226 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. அந்த எண் அப்படியே திரைக்குப் போகிறது. பிசியின் பழைய எழுத்துத் தொகுப்பில் 226 என்பது காமா. கட்டளை வரலாறும் கர்சர் நகர்வும் கணினியோடு பிறந்தவை அல்ல, யாரோ உட்கார்ந்து எழுதிச் சேர்த்தவை என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்ட முடியாது.

திரை இன்னும் எளிமை. நினைவகத்தில் 753664ஆம் முகவரியிலிருந்து 4000 பைட்தான் திரை. 80 பத்தி, 25 வரி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட்: ஒன்று எழுத்து, மற்றொன்று நிறம். நிறத்துக்கு 7 போட்டால் கறுப்புப் பின்னணியில் வெளிர் சாம்பல். அந்த முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் போதும், எழுத்து திரையில் மின்னும். திரை நிரம்பிவிட்டால்? வரிகளை அப்படியே நினைவகத்தில் ஒரு வரி மேலே நகலெடுத்து, கீழே மிஞ்சுவதைக் காலி செய்கிறது. ஸ்க்ரோல் என்று நாம் சொல்வது இந்த நகலெடுப்புதான்!

எழுத்துகளை வெளியே உள்ள டெர்மினலுக்கு அனுப்பும் சீரியல் போர்ட் வழியாகப் போகும் வெளியீட்டுக்கு இந்த வசதி இல்லை. அங்கே ஓர் எழுத்தை அழிக்க மூன்று எழுத்து அனுப்ப வேண்டும்: ஒரு பின்னோக்கு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு பின்னோக்கு. பின்னால் போய், மேலே வெற்றிடத்தைப் பூசி, திரும்பவும் பின்னால். பேக்ஸ்பேஸ் ஒன்றுக்கு இத்தனை நடனம்!

தட்டிய எழுத்துகள், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு உடனே போவதில்லை. 128 பைட் பஃபர் ஒன்றில், அதாவது தற்காலிகக் கிடங்கில், சேர்கின்றன. அதற்கு மூன்று குறிகள்: ஷெல் எதுவரை படித்தது, எதுவரை படிக்கக் கொடுத்தாயிற்று, நீங்கள் எதுவரை தட்டியிருக்கிறீர்கள். எண்டர் தட்டும்வரை ஷெல் தூங்கிக்கொண்டிருக்கும். எண்டர் விழுந்ததும் இரண்டாவது குறி மூன்றாவதை எட்டிப் பிடிக்கும், ஷெல் விழித்துக்கொள்ளும். பேக்ஸ்பேஸை எத்தனை முறை அழுத்தினாலும் வரியின் தொடக்கத்தில் ஷெல் காட்டும் டாலர் குறி அழியாதது ஏன் என்பதற்கும் விடை இங்கேதான். அந்த டாலரை நீங்கள் தட்டவில்லை, அது பஃபரிலேயே இல்லை. மூன்றாவது குறி இரண்டாவதைத் தொட்டதும் அழிப்பது நின்றுவிடுகிறது.

கன்ட்ரோல்-பி (P) அழுத்தினால் எல்லாப் புராசஸ்களின் பட்டியலும் வந்து விழும். அதன் பின்னே நுட்பமான ஒரு முடிவு இருக்கிறது. விசையைக் கையாளும்போது கெர்னல் கன்சோலின் பூட்டை, அதாவது இருவர் ஒரே நேரத்தில் கை வைக்காமல் தடுக்கும் காவலை, கையில் வைத்திருக்கிறது. பட்டியலை அச்சிடுவதற்கும் அதே பூட்டு வேண்டும். கையில் இருக்கும் பூட்டை மறுபடி கேட்டால் எக்ஸ்வி6 பேனிக் ஆகி நின்றுவிடும். அதனால் கன்ட்ரோல்-பி வந்ததும் 'பிறகு அச்சிடு' என்று ஒரு மாறியில் குறித்துக்கொண்டு, எல்லா விசையையும் முடித்து, பூட்டைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் அச்சிடுகிறது. ஒரே ஒரு மாறி! ஒரே நேரத்தில் பல வேலை நடக்கும் உலகத்தின் முழுப் பாடமும் இந்த ஒரு மாறியில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

2019இல் எக்ஸ்வி6 ரிஸ்க்-ஃபைவ் சில்லுக்கு மாறியது. ஸ்கேன் கோடு, 4000 பைட் திரை எல்லாம் விடைபெற்றன. இப்போது சீரியல் போர்ட் மட்டும்தான். காமாவும் சிக்மாவும் போனது எனக்கு வருத்தமே. ஆனால் நமக்கு ஒரு புதிய வாசல் திறந்திருக்கிறது.

பழைய திரையில் ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் எழுத்து, மொத்தம் 256 வடிவம். அதில் தமிழுக்கு இடமே இல்லை. சீரியல் வழியில் எழுத்தை வரைவது உங்கள் டெர்மினல், கெர்னல் பைட்டுகளைக் கடத்துகிறது, அவ்வளவுதான். எனவே ஷெல்லில் 'எக்கோ' கட்டளை கொடுத்து 'அம்மா' என்று தட்டினால், தமிழ் தெரிந்த டெர்மினலில் 'அம்மா' என்றே திரும்பி வரும்! எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'அம்மா' 15 பைட்: அ, ம, புள்ளி, ம, கால், ஒவ்வொன்றும் மூன்று.

இப்போது அதையே மறுபடி தட்டி, எண்டருக்கு முன் பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். திரையில் ஓர் இடம் அழியும். பஃபரில் போனது ஒரே ஒரு பைட். காலின் மூன்று பைட்டில் இரண்டு அநாதையாக உள்ளேயே கிடக்கும், எண்டர் தட்டினால் குப்பை வரும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று நம்பி எழுதிய நிரல் அது.

சரிசெய்ய வழி உண்டு. யூடிஎஃப்-8இல் ஓர் எழுத்தின் முதல் பைட்டுக்குப் பின் வரும் தொடர்ச்சி பைட்டுகள் 128 முதல் 191 வரையிலேயே இருக்கும். அழிக்கும்போது அந்த வரம்புக்கு வெளியே உள்ள முதல் பைட் போகும்வரை மூன்றாவது குறியைப் பின்னால் நகர்த்தினால் போதும், காலோ புள்ளியோ முழுதாகப் போய்விடும். 'மா' என்ற முழு எழுத்தையும் ஒரே தட்டில் அழிக்கவும், அது திரையில் பிடித்த இடத்தைச் சரியாகத் துடைக்கவும் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கணினி அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளே, எக்ஸ்வி6 இலவசம், அதை ஓட்டும் போலிக் கணினியான கியூ-எமுவும் இலவசம். இறக்கி வைத்து, கன்சோல் கோப்பில் பேக்ஸ்பேஸ் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, தமிழை ஒழுங்காக அழிக்கும் அந்தச் சில வரிகளை நீங்கள் எழுதுங்கள்.