பாறைக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன்? ஷேல் எரிவாயுவை தேடும் காந்தம்.. டெல்டாவில் ஏன் முடியாது?

மூட்டு வலி என்று போனால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள் இல்லையா? அதே காந்த நுட்பத்தில்தான் ஷேல் பாறையையும் ஆராய்கிறார்கள்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சேறு இறுகி உருவான பாறைதான் ஷேல். அதிலுள்ள நானோமீட்டர் அளவு துளைகளில் எண்ணெயும் எரிவாயுவும் அடைபட்டுக் கிடக்கும்.

ஸ்கேனில் எப்படி தெரிகிறது? தண்ணீர், எண்ணெய், மீத்தேன் மூன்றிலுமே ஹைட்ரஜன் உண்டு. காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையை செலுத்தினால், ஹைட்ரஜன் அணுக்கரு பதிலுக்கு சிக்னல் கொடுக்கும். சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, உள்ளே அவ்வளவு சரக்கு இருக்கிறது. துளை சின்னதாக இருந்தால் சிக்னல் சட்டென அடங்கிவிடும். ஷேலில் பல நேரம் ஒரு மில்லி செகண்டுக்குள்ளேயே முடிந்துவிடும், பிடிப்பதே பெரும்பாடு.

அப்போ தோண்டாமலே பார்த்துவிடலாமா? முடியாது. கிணற்றுக்குள் இறக்கும் கருவி சுற்றிலும் சில அங்குலம் வரைதான் பார்க்கும். ஆய்வகத்தில் பார்ப்பதற்கும் பாறைத் துண்டை துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

காவிரி டெல்டாவில் சிக்கலே இங்குதான். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், ஷேல் எரிவாயு எடுப்பதோடு அதற்கான புதிய ஆய்வு, துளையிடுதலையும் சேர்த்தே தடை செய்கிறது. 'ஆய்வு மட்டும்தானே' என்று அங்கே புதிதாக கிணறு தோண்ட முடியாது. சட்டம் வருவதற்கு முன்பே இயங்கி வந்த பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.