படகு குடித்த தண்ணீர்

கோல சிலாங்கூர் என்றால் பலருக்கும் மின்மினிப் பூச்சிதான் ஞாபகம் வரும். கம்போங் குவாந்தானில் இருட்டில் படகேறி, ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்கள் மினுமினுப்பதை நீங்களும் பிள்ளைகளோடு பார்த்திருப்பீர்கள். எனக்கு சிலாங்கூர் ஆறு என்றால் முதலில் ஞாபகம் வருவது என் பெரியப்பாவின் 14 அடி ஃபைபர் படகு.

பெரியப்பா புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில் அந்தப் படகை வாங்கினார். அப்போதே அது பழைய படகுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் போய்த் தூண்டில் போட்டு ஆற்று இறால் பிடிப்பார். மாலையில் எங்கள் வீட்டில் இறால் குழம்பு மணக்கும்.

போன ஆண்டு பள்ளி விடுமுறையில் பெரியப்பா, நான், ஒன்பது வயதான என் அண்ணன் மகன் மூவரும் ஆற்றுக்குப் போனோம். நங்கூரம் போட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் படகின் பின்பக்கத் தளத்தில் தண்ணீர் தேங்கியது. தளத்துத் தண்ணீர் வெளியே வடிவதற்கான துளை வழியாக ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய படகு வேகமாகக் கடந்து போனது. அது கிளப்பிய அலை, மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகையைத் தாண்டி உள்ளே விழுந்தது. பையனை முன்பக்கம் தள்ளிவிட்டு, ஆளுக்கொரு வாளியால் இறைத்துக் கரை சேர்ந்தோம்.

"பழைய படகு, கொஞ்சம் கனமாத்தாம்மா இருக்கும்" என்றார் பெரியப்பா. ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்குக் காரணம் அந்த அலை மட்டுமல்ல. அந்தப் படகு விலை பேசி முடிந்திருந்தது. "நல்ல நிலையில் உள்ள படகு" என்று என் சமூக ஊடகப் பக்கத்தில் விளம்பரம் போட்டவளே நான்தான். தினமும் காலையில் வானொலியில் என் குரலைக் கேட்கிற ஓர் இளைஞர், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து அழைத்து 3,500 ரிங்கிட்டுக்கு ஒப்புக்கொண்டார். "நீங்க சொன்னா சரியா இருக்கும் அக்கா. பிள்ளைங்கள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

எடை மேடை சொன்ன உண்மை

படகின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டில் அதன் எடை 180 கிலோ என்று இருந்தது. வாங்கிய நாளில் நான்கு பேர் லோரியிலிருந்து தூக்கி இறக்கியதாகப் பெரியப்பாவே சொல்லியிருக்கிறார். இப்போது ஆறு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை.

பெரியப்பாவின் பழைய நண்பர் ஒருவர் செம்பனைக் குலைகளை எடை போடும் இடத்தில் வேலை செய்கிறார். மோட்டாரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியோடு படகைக் கொண்டுபோய் அந்த எடை மேடையில் ஏற்றினோம். பிறகு வண்டியை மட்டும் ஏற்றி அந்த எடையைக் கழித்தோம். படகு 320 கிலோ! தகட்டில் இருந்ததைவிட 140 கிலோ கூடுதல். ஆள் ஏறாமலே இரண்டு பெரியவர்கள் எப்போதும் படகில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

அவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? தளத்துக்குக் கீழே.

தளத்துக்குக் கீழே என்ன?

இந்த வகைச் சிறிய ஃபைபர் படகுகள் பலவற்றில், அடிப்பகுதிக்கும் தளத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் ஃபோம், அதாவது நுரைப்பஞ்சு நிரப்பியிருப்பார்கள். படகுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் அது மூழ்கிவிடாமல் மிதப்பதற்காகத்தான். அமெரிக்காவின் பாஸ்டன் வேலர் நிறுவனம் 1958-இல் இப்படித் தயாரித்த படகுகளால் பெயர் பெற்றது. 1961-இல் அதன் நிறுவனர் ரிச்சர்ட் ஃபிஷர் தண்ணீரில் மிதந்த ஒரு படகை இரண்டாக அறுத்து, பாதிப் படகும் மிதப்பதைக் காட்டினார். லைஃப் இதழில் வந்த அந்தப் படங்கள் உலகப் புகழ் பெற்றன.

கணக்கு எளிது. ஒரு கன அடி ஃபோம் ஏறக்குறைய 900 கிராம்தான் இருக்கும். அதே அளவு தண்ணீரோ 28 கிலோ. அதனால் காய்ந்த ஃபோம் கன அடிக்கு சுமார் 27 கிலோவைத் தாங்கி மிதக்கவைக்கும். அதே ஃபோம் முழுக்க ஊறிவிட்டால் எதையும் தாங்காது. வெறும் சுமையாகிவிடும்.

இந்த ஃபோமில் கோடிக்கணக்கான மூடிய குமிழ்கள் உண்டு. அதனால் தண்ணீர் ஏறாது என்று நினைப்போம். ஒரு நாள், ஒரு மாதம் என்றால் ஏறாதுதான். ஆனால் இருக்கைக்கும் தூண்டில் தாங்கிக்கும் போட்ட திருகாணித் துளைகள் வழியாக ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் இறங்கும். வடியும் வழி அடைத்துக்கொண்டால் அது அங்கேயே நிற்கும். மோட்டாரின் அதிர்வில் குமிழ்கள் உடையும். இப்படிப் பல ஆண்டுகள் போனால் ஃபோம் ஊறிவிடும். மேலே சாயம் பளபளவென்று இருப்பதால் யாருக்கும் தெரியாது.

நம் முன்னோரின் கட்டுமரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் மரமே மிதவை. அந்த மரமும் தண்ணீரைக் குடிக்கும், கனக்கும். அதனால் தமிழகக் கரையில் மீனவர்கள் தொழில் முடிந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஃபைபர் படகை அப்படி அவிழ்க்க முடியாது. அறுத்துத்தான் திறக்க வேண்டும்.

துளை போட்டுப் பார்த்தோம்

சந்தேகம் தீர வேண்டுமானால் தளத்தின் பின்பக்கம், தாழ்ந்த இடத்தில் வட்ட ரம்பத்தால் இரண்டு அங்குலத் துளை போட்டுப் பார்க்கலாம். தளத்தை மட்டும்தான் துளைக்க வேண்டும், படகின் அடியைத் தொடக்கூடாது. நல்ல ஃபோம் என்றால் வறண்ட ரொட்டிபோல உதிரும். எங்களுக்கு வந்த துண்டைப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. சாக்கடை நாற்றம்.

"துளை போட்டு வெயில்ல விட்டா காஞ்சிடாதா?" என்று கேட்டார் பெரியப்பா. காயாது. தண்ணீர் உள்ளே புகப் பல ஆண்டுகள் ஆனது போல, வெளியேறவும் பல ஆண்டுகள் ஆகும். ஓரிடம் மட்டும் ஊறியிருந்தால் அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். பாதிக்கு மேல் போய்விட்டால் முழுவதையும் தோண்டுவதுதான் வழி.

ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு, கிரைண்டரால் தளத்தை அறுத்து மூடிபோலத் தூக்கினோம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டாலும் அரிக்கும். முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். இளம் செம்பனையில் குலை வெட்டும் உளியால் பெரியப்பா ஃபோமைத் தோண்ட, நான் உரச் சாக்குகளில் அள்ளினேன். 11 சாக்கு நிறைந்தது. தளத்தைத் தாங்கிய நெடுக்குச் சட்டங்களின் பலகை, விரல் பட்டாலே பொடியானது.

அதைப் பார்த்த பிறகு பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "ரெண்டு வருசமாவே தெரியும்மா" என்றார் கடைசியில். "சாயம் அடிச்சு வித்துரலாம்னு நெனச்சேன்."

மறுபடி மிதக்க

காலியான படகைத் தகரக் கொட்டகையில், காற்றோட்டமாக மூன்று வாரம் காயவிட்டோம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளை உட்புறத்தில் நான்கு பக்கமும் ஒட்டி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் அதன் அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை.

பிறகு புதுச் சட்டங்களை வைத்து, ஃபைபர் பாயும் ரெசினும் கொண்டு மூடினோம். நம் ஊர் வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும். அதனால் காலையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

புது ஃபோம் இரண்டு திரவங்களாக வரும். கலந்து ஊற்றினால் பல மடங்கு பொங்கும். ஒரே நேரத்தில் நிறைய ஊற்றக்கூடாது. உள்ளே சூடு ஏறிக் கருகும், படகின் வடிவமே பிதுங்கிவிடும். இதன் ஆவியும் நுரையீரலுக்கு ஆபத்து. திறந்த வெளியில், அதற்குரிய சுவாசக் கவசத்தோடுதான் செய்ய வேண்டும். கைப்பழக்கம் இல்லாததால் இந்த வேலையை மட்டும் பாசிர் பெனாம்பாங்கில் படகு பழுதுபார்க்கும் ஒருவரிடம் விட்டோம்.

சிலர் ஃபோமே வேண்டாம் என்று காலியாக விடுவார்கள். அது தவறு. தண்ணீர் புகுந்தால் மோட்டாரின் கனம் பின்பக்கத்தை நேரே கீழே இழுத்துவிடும். தெர்மோகோல் மலிவுதான், ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்.

ஃபோமுக்கு அடியில், நடுவாக, நீர் வடிய ஒரு பாதை விட்டோம். ஒவ்வொரு திருகாணித் துளையையும் நீர் புகாத பசையால் அடைத்தோம். இப்போது படகை முன்பக்கம் உயர்த்தி, அடைப்பானைக் கழற்றித்தான் நிறுத்துகிறார் பெரியப்பா. எடை மேடையில் மறுபடி ஏற்றியபோது 200 கிலோ காட்டியது.

பொருளுக்கு மட்டும் 1,900 ரிங்கிட் செலவானது. அந்த இளைஞரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன். விளம்பரத்தையும் நீக்கி, காரணத்தை அதே பக்கத்தில் எழுதினேன். அவர் கோபப்படவில்லை. தோண்டும் நாள்களில் இரண்டு சனிக்கிழமை வந்து கைகொடுத்தார். வேலை முடிந்ததும் பெரியப்பா விலையை ஏற்றவில்லை. "பேசுன வெல பேசுனதுதான் தம்பி. பிள்ளைங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மட்டும் வாங்கிருங்க" என்றார்.

உங்கள் வீட்டிலோ, வாங்க நினைக்கும் இடத்திலோ ஒரு பழைய ஃபைபர் படகு இருந்தால், சாயத்தைப் பார்க்காதீர்கள். எடை போட்டுப் பாருங்கள்.

போன மாதம் அந்தத் தம்பி ஒரு படம் அனுப்பினார். ஆற்று நடுவில் படகு நிற்கிறது. முன்பக்கத்தில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் இரண்டு பிள்ளைகள். நான் முதலில் பார்த்தது பின்பக்கத் துளையைத்தான். தண்ணீருக்கு நான்கு விரல் மேலே இருந்தது.