செவிநோயும் சேவை புரியும் வைத்தியரும்

கண்ணொளி இழந்த சிறுவனைக் கண்டு இரங்காதார் இலர். செவிப்புலன் குன்றிய சிறுவனையோ மந்தபுத்தியுடையான் என்றும், சொற்கேளாப் பிள்ளை என்றும் இகழ்வோர் பலர். பள்ளியிற் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசிரியர் கூறுவதிற் பாதியை அறியாது விழிக்கும் அவனது குறை, பலகால் தீர்க்கத்தக்க ஒரு நோயின் பயனே என்பதை நாம் அறிதல் நன்று.

நடுச்செவியினின்று மூக்கின் பின்புறத்துக்கு ஒரு சிறு குழல் செல்கின்றது. குழந்தைகட்கு இக்குழல் குறுகியதாயும் ஏறக்குறையக் கிடையாயும் அமைந்திருத்தலின், சளி பிடித்த காலத்துக் கிருமிகள் எளிதில் நடுச்செவியை அடைகின்றன. ஆங்கே சீழ் திரண்டு, செவிப்பறையைத் துளைத்து வெளிப்படும். பெரும்பாலும் அத்துளை மூடிக்கொள்ளும். வறுமையும், நெருங்கிய குடியிருப்பும், ஊட்டக்குறைவும் உள்ளவிடத்தோ துளை நிலைத்து, ஆண்டுக்கணக்காகச் சீழ் வடியும். ஒலியைக் கடத்தும் மூன்று சிற்றெலும்புகளும் அரிப்புண்ணும். சிலரிடத்துத் தோற்படலம் நடுச்செவியுட் புகுந்து வளர்ந்து, அடுத்துள்ள எலும்பை அழித்து, மூளையைத் தாக்கி, உயிருக்கே இறுதி விளைத்தலும் உண்டு. ஆகவே, பிள்ளைப்பருவத்தில் இஃது இயல்பெனப் பெற்றோர் வாளாவிருத்தல் பெருந்தீங்காம்.

இனி, இந்நோய்க்கு எதிராகத் தொண்டு புரிவோரைப் பற்றிச் சிறிது கூறுவாம். நேபாள நாட்டில் 1990-ஐ ஒட்டி நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியில், சோதிக்கப்பெற்றாருள் 100-க்கு ஏறக்குறைய 16 பேருக்குச் செவிப்புலன் குன்றியிருந்தமை புலனாயிற்று. மலைநாட்டினர் செவி வைத்தியரைக் காணப் பன்னாள் வழிநடக்க வேண்டியிருந்தது. 1980-களின் இறுதியில் நீல் வையர் என்னும் ஆங்கில சஸ்திர வைத்தியர், பிரிட்டன் நேபாளச் செவிமருத்துவச் சேவை என்னும் சங்கத்தை நிறுவினார். அதன் வைத்தியரும் தாதியரும் நேபாளத்தின் மேற்குப் பகுதியிலுள்ள நேபாள்கஞ்சு முதலிய இடங்களுக்குச் சென்று, ஊதியம் பெறாது முகாம் நடத்தி வந்தனர்.

அவர் செய்யும் சிகிச்சை நுட்பமானது. காதுக்கு மேலுள்ள தசையைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு சிறு துண்டை எடுத்து, பூதக்கண்ணாடிக் கருவியின் உதவியால் செவிப்பறையின் துளையை அடைப்பர். நோய் எலும்பிற் பரவியிருப்பின், முதலில் அதனைக் குடைந்து அகற்றுவர். உயிருக்கு வரும் அபாயத்தை நீக்குதல் முதல் நோக்கம். செவிப்புலனை மீட்டல் அதற்கு அடுத்ததேயாம்.

ஆயினும், ஈண்டு ஒரு வினா எழுகின்றது. வந்த வைத்தியர் சின்னாளில் ஊர் திரும்பிய பின், கட்டவிழ்த்துப் பார்ப்பவர் யார்? மீண்டும் சீழ் வடியின் அணுகத்தக்கவர் யார்? எத்துணைத் திறமையுடன் செய்த சிகிச்சையும் பின்கவனிப்பார் இன்றேல் வீணாகலாம். இதனை உணர்ந்தே அச்சங்கத்தார், அந்நாட்டு ஊழியர்க்கே செவியைச் சோதிக்கவும், சீழைத் துடைத்து உலர்த்தவும், துளிமருந்து இடவும், சிகிச்சை வேண்டுவாரைத் தெரிந்து அனுப்பவும் பயிற்சி அளிப்பாராயினர். நூறு செவிகளைச் செப்பஞ்செய்தலினும், செவி காக்க வல்லார் பத்துப்பேரை ஆக்குதல் நெடிது நிற்கும் உதவியாம்.

மாணவ நண்பர்களே! உங்களுள் வைத்தியராவோர் சிலரே. ஆசிரியராகவும் பெற்றோராகவும் விளங்கப்போவோர் பலர். அழைத்தும் திரும்பாத பிள்ளையைத் தண்டிக்குமுன் அவன் செவியைச் சோதிப்பியுங்கள். சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுதலையும், நீர் புகவிடுதலையும் தடுத்து, காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அனுப்புங்கள். அச்சிறு செயல் ஒரு பிள்ளையின் கல்வியை மட்டுமன்றி, உயிரையும் காத்தல் கூடும்.