செல்ப் மோட்டார் அடிக்கடி போகிறதா?

நம் வியாபாரிகளில் பலர் டாடா 207, மஹிந்திரா பிக்கப் போன்ற பழைய டீசல் வண்டிகளை வைத்துத்தான் சரக்கு எடுத்து வருகிறோம். விடியற்காலை 4 மணிக்கு மண்டியில் ஏற்றிய சரக்கு, கடை திறக்குமுன் வந்து சேர வேண்டும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற சத்தத்தோடு வண்டி அடங்கிவிட்டால், ரிப்பேர் செலவு மட்டுமா நஷ்டம்? வாடிய காய்கறி, மாற்று வண்டி வாடகை, காத்திருந்து வேறு கடைக்குப் போன வாடிக்கையாளர் எல்லாமே கணக்கில் சேரும்.

பல ஆண்டு உழைத்த செல்ப் மோட்டார் ஒருமுறை கெட்டால் தேய்மானம் எனலாம். ஒரே வருடத்தில் இரண்டு, மூன்று முறை போனால் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். கல்லாவில் தினமும் பணம் குறைந்தால் கல்லாப் பெட்டியையா மாற்றுகிறோம்? பணம் எங்கே போகிறது என்றுதானே பார்க்கிறோம்! இதுவும் அப்படித்தான்.

ஒரு ஹெட்லைட் பல்பு எரிய சுமார் 5 ஆம்பியர் கரண்ட் போதும். டீசல் இன்ஜினைச் சுழற்ற செல்ப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எனவே, “லைட் நன்றாக எரிகிறது, பேட்டரியில் குறையில்லை” என்று டிரைவர் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. கரண்ட் போகும் வழியில் எங்காவது பூஞ்சையோ துருவோ இருந்தால் வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடும். மோட்டார் மெதுவாகச் சுற்றும். வண்டி கிளம்பாததால் சாவியைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். மோட்டார் சூடேறிக் கருகும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், நம் மெக்கானிக்கை வைத்தே கீழ்க்கண்டவற்றைச் சோதிக்கலாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி டீசலை நிறுத்திவிட்டுச் செல்ப் அடிக்க வேண்டும்.

1. பேட்டரி: இரவு முழுவதும் நின்ற வண்டியில் முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மீண்டும் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் இல்லையென்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்கவும்.

2. எர்த்: பலரும் கவனிக்காத இடம் இதுதான். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்குத் தனியாக எர்த் ஒயர் உண்டு. எஃப்.சி.க்காக வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது எர்த் பிடிக்கும் இடத்திலும் பெயிண்ட் படிந்துவிடுவது உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதைச் செல்ப் மோட்டாரின் உடம்பிலும் வைத்துச் செல்ப் அடிக்கவும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயிண்டைச் சுரண்டி, இறுக்கிப் பூட்ட வேண்டும்.

3. பாசிட்டிவ் கேபிள்: இதேபோல் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ப் மோட்டாரின் தடித்த டெர்மினலுக்கும் இடையே 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

4. சாவியும் சாலினாய்டும்: சாவியை விட்ட பிறகும் செல்ப் சுற்றினால் ஆர்மேச்சர் சீக்கிரம் நாசமாகும். சுவிட்சையோ சாலினாய்டையோ உடனே மாற்றவும்.

5. இன்ஜின்: ஹீட்டர் பிளக் பழுது, டீசல் லைனில் காற்று, கம்ப்ரஷன் குறைவு ஆகியவற்றால் ஸ்டார்ட் ஆகத் தாமதமானாலும் அடி வாங்குவது செல்ப் மோட்டார்தான்.

கழற்றிய மோட்டாரே நல்ல சாட்சி. எண்ணெயில் நனைந்திருந்தால் இன்ஜினில் எங்கோ ஆயில் கசிகிறது. பினியன் பல் உடைந்திருந்தால் ஃபிளைவீல் ரிங் கியரையும் பார்க்க வேண்டும். சாலினாய்டு காண்டாக்ட் கருகியிருந்தால் வோல்டேஜ் குறைவாக வந்திருக்கலாம். ஒயின்டிங் கருகியிருந்தால் நெடுநேரம் செல்ப் அடித்திருக்கிறார்கள். எனவே பழைய மோட்டாரைப் பார்க்காமல் புதியதற்குப் பில் கொடுக்க வேண்டாம். கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையேல் ஸ்பேனர் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

டிரைவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ப் அடிக்கக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும். மூன்று முறையில் கிளம்பாவிட்டால் நிறுத்திவிட்டுக் காரணத்தைப் பார்க்க வேண்டும்.

வண்டிக்கென ஒரு நோட்டுப் போட்டு, மாற்றிய பொருள், தேதி, தொகை, மெக்கானிக் சொன்ன காரணம் நான்கையும் எழுதி வாருங்கள். ஒரே பொருள் இரண்டாம் முறை அந்த நோட்டில் ஏறும்போது, பணம் கொடுக்குமுன் காரணத்தைக் கேளுங்கள்.