பழைய காருக்குப் பிறேக் பிடிக்குதா?

எங்கட யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இடைக்கிடை ஓடுகிற மொறிஸ் மைனர் காரைப் பார்த்திருப்பீர்கள். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. பெற்றோல் கிடைக்காத 1990களில் மண்ணெண்ணெயிலும் ஓடினது எண்டு பெரியப்பா பெருமையாகச் சொல்லுவார். (ஓடினது சரி, நிற்கவும் வேணுமே!)

போன விடுமுறையில் அவருடைய காருக்குப் புதுப் பிறேக் சூ போட்டார்கள். பழைய சூவின் தூளை ஊத வேண்டாம் எண்டு மெக்கானிக் அண்ணை என்னைத் தடுத்தார். அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், நுரையீரலுக்குக் கூடாது. ஈரத்துணியால்தான் துடைத்தார்.

பெடலை மிதித்தால், தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கும் மாஸ்ரர் சிலிண்டர் பிறேக் எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியே நாலு சில்லுக்கும் போய், ட்ரம்முக்குள் இருக்கும் சூக்களை விரிக்கும். விஞ்ஞானத்தில் படிக்கிற பஸ்காலின் விதிதான். ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. இப்போதைய கார்களில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள்; இதில் ஒன்றுதான். எங்கேயாவது ஓரிடத்தில் ஒழுகினால் நாலு சில்லும் போச்சு! மிஞ்சுவது கம்பியால் பின்சில்லுகளைப் பிடிக்கிற கைப்பிறேக் மட்டும். ஆகவே முதலில் அதைத்தான் சரிபார்த்தார்.

நான் ஆசையோடு முன்சீற்றில் ஏறி இருந்தேன். அண்ணை எஞ்சினை ஸ்ராட் பண்ணவேயில்லை. பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தார். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினது.

"இறங்கடா தம்பி, இண்டைக்கு ரோட்டுக்குப் போகேலாது."

பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் குழாய்க்குள் காற்று. காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. இப்படி இறங்கினால் எங்கேயோ ஒழுக்கு. இடது பின்சில்லைக் கழற்ற, சிலிண்டர் றப்பர் கிழிந்து ட்ரம் நனைந்திருந்தது. புது றப்பர் வர மூன்று நாள் ஆச்சு.

பிறகுதான் ஆளில்லாத ஒழுங்கைக்குப் போனோம். முதலில் நடக்கிற வேகம், பிறகு மணிக்கு 20, பிறகு 40 கிலோமீற்றர். வேகம் இரட்டித்தால் இயக்க சக்தி நாலு மடங்காகும், அதனால்தான் இந்தப் படிப்படி. பிறேக் பிடிக்கும்போது ஸ்ரியரிங்கை இலேசாகத்தான் பிடித்திருந்தார், கார் ஒரு பக்கம் இழுக்குதா எண்டு பார்க்க. றிவேர்ஸிலும் பிடித்துப் பார்த்தார். முன்னே போகும்போது சில்லின் சுழற்சியே முன்சூக்களை இழுத்து ட்ரம்மோடு இறுக்கும். பின்னே போகும்போது அந்த உதவி கிடையாது.

நிறுத்தியதும் ஒவ்வொரு ட்ரம்முக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோனார். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் சூ விடாமல் உரசுது. வலது முன்சில்லு நெருங்க முடியாத சூடு! சூவைச் சற்றுத் தளர்த்திவிட்டு, ஆறவிட்டு, திரும்பவும் ஓடினோம். இந்த முறை முன்சில்லு இரண்டும் ஒரே அளவு சூடு.

அதுக்குப் பிறகுதான் அண்ணை பெரியப்பாவிடம் சாவியைக் கொடுத்தார்.