மீனுக்கு இடும் உணவு



எங்கள் தலவாக்கலையில் மழைக்காலத்து மாலைவேளையில் தோட்டத்து லயங்களின் வழியே நடந்தால், கோதுமை மா ரொட்டி வேகும் மணம் எழும். அதனோடு ஒரு பருப்புக் கறியோ, நெத்தலிக் கருவாட்டுக் குழம்போ அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். ரொட்டிக்குப் பருப்பு ஏன் துணையாயிற்று என்று நம் தாய்மாரைக் கேட்டால், உருசிக்காக என்பர். அத்துணைக்குள் ஓர் உணவு விஞ்ஞான உண்மையும் அடங்கியுள்ளது. அவ்வுண்மையே இன்று மீன் வளர்ப்போனின் கைப்பொருளையும், ஏழையின் நெத்தலியையும் காக்கத் துணைநிற்கின்றது. நான் கலை பயின்றவன். ஆதலின், எனக்கு விளங்கிய எளிய முறையிலேயே அதனைக் கூறுவேன்.

புரதம் என்பது ஏறத்தாழ 20 வகை அமினோ அமிலங்கள் கோக்கப்பெற்ற ஒரு சங்கிலி. இவற்றுட் சிலவற்றை உயிரினங்கள் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மீனால் ஆக்கிக்கொள்ள இயலாதவை 10. அமெரிக்க அறிஞர் ஜோன் ஹால்வரும் அவருடன் உழைத்தவர்களும், சமன் மீன்குஞ்சுகளுக்கு ஒவ்வோர் அமிலமாக நீக்கிய உணவுகளை ஊட்டி, 1957ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். பத்தில் ஒன்று குறைந்தாலும் குஞ்சுகள் வளராது நின்றன. அதனைத் திரும்பச் சேர்த்ததும் வளரத் தொடங்கின. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயர் கொணர்ந்து நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளில் விட்ட டிரவுட் மீன், இந்தச் சமனுக்கு நெருங்கிய உறவாகும்.

பழைய அச்சுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். எழுத்துக் கோப்பவரிடம் ஏனைய எழுத்துக்கள் குவிந்திருந்தும், 'க' என்னும் எழுத்துத் தீர்ந்துவிட்டால் வேலை அவ்விடத்தே நின்றுவிடும். உடலில் தசை கட்டப்படும் வேலையும் அத்தகையதே. அச்செழுத்து மறுநாளைக்கு உதவும். மிஞ்சிய அமினோ அமிலத்தையோ உடல் சேமித்து வைப்பதில்லை. அதனை எரித்து, அதிலுள்ள நைதரசனை அமோனியாவாக மீன் தன் செவுள்கள் வழியே நீரிற் கழிக்கிறது. வளர்ப்போன் விலைகொடுத்து வாங்கிய புரதமே குளத்து நீரைக் கெடுக்கும் நஞ்சாகிறது.

மீன் தீனியில் பெரும்பாலும் முதலிற் குறைவுபடுவன லைசின், மெதியொனின் என்னும் இரண்டும் ஆகும். நம் நாட்டிற் கிடைக்கும் தேங்காய்ப் புண்ணாக்கில் லைசின் குறைவு. சோயா அவரையில் மெதியொனின் குறைவு. மெதியொனின் நெடுநாள் குறைந்தால் டிரவுட் மீனின் கண்ணிற் புரை படரும். திரிப்தோபன் என்னும் அமிலம் குறைந்தால் முதுகெலும்பு வளையும். ரொட்டியின் கதையும் இதுவே. கோதுமையில் லைசின் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பிற் குறையும் மெதியொனினைக் கோதுமை ஓரளவு ஈடுசெய்கிறது.

இக்குறையை முன்னாளில் மீன்தூளே நிரப்பியது. ஆனால் மீனை வளர்க்க மீனையே அரைத்துப் போடுவது எத்துணை நாளைக்கு ஆகும்? நெத்தலிக்கு உறவான ஒரு சிறுமீனை நம்பி உலகுக்கு மீன்தூள் அளித்த நாடு பெரு. 1972ஆம் ஆண்டில் கடல்நீர் வெப்பமுற்றபோது, அளவுமீறிய பிடிப்பினால் முன்னரே நலிந்திருந்த அம்மீன்வளம் சரிந்தது. மீன்தூளின் விலை ஏறியது. ஏழையின் சட்டிக்கு உரிய சிறுமீன் செல்வரின் தட்டிலுள்ள பெருமீனுக்குத் தீனியாவது முறையா என்ற வினாவும் எழுகிறது.

இங்கேதான் அமினோ அமிலச் சேர்க்கை துணைக்கு வருகிறது. 1950களின் இறுதியில் யப்பானிய ஆராய்ச்சியாளர், நுண்ணுயிர்களைக் கொண்டு இனிப்புப் பொருள்களை நொதிக்கச் செய்து லைசினைப் பெறும் வழியைக் கண்டனர். மெதியொனின் பெரும்பாலும் இரசாயன முறையில் ஆக்கப்படுகிறது. திலாப்பியா மீனின் தீனி 100 கிராமில் 30 கிராம் புரதம் இருப்பின், அதில் லைசின் சுமார் ஒன்றரைக் கிராம் இருத்தல் வேண்டும். புண்ணாக்கும் சோயாவும் தரும் அளவு போக, எஞ்சும் சிறு குறையை மட்டும் தூளாகச் சேர்த்தால் போதும். மொத்தப் புரதத்தையும் சற்றுக் குறைக்கலாம். நீரிற் கலக்கும் அமோனியாவும் குறையும்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தனியாகச் சேர்க்கும் அமிலம் நீரில் எளிதிற் கரைந்துவிடும். உண்ட பின்னரும், புரதத்தோடு பிணைந்து வரும் அமிலங்களை முந்திக்கொண்டு இரத்தத்திற் சேர்ந்துவிடும். கட்லா, ரோகு முதலிய கெண்டை இனங்களுக்கு இரைப்பை இல்லாமையால் இவ்விரைவு இன்னும் மிகுதி. ஆகையால் தீனி நீரிற் குலையாதவாறு இறுகியிருத்தலும், சிறிது சிறிதாகப் பலமுறை இடுதலும் நன்று. இரண்டாவது, பெரிய நீர்த்தேக்கங்களில் தாமாக மேய்ந்து பாசியும் நுண்ணுயிர்களும் உண்ணும் மீன்களுக்கு இச்சேர்க்கை வேண்டுவதில்லை. 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்த்தேக்கத்துத் திலாப்பியாவுக்கு நாம் புட்டி மருந்து தேட வேண்டாம். நெருக்கமாகத் தொட்டியிலும் கூட்டிலும் வளர்வனவே நம் கையை எதிர்பார்த்திருப்பவை.

நேயர்களே, என் பாடசாலையில் வயிறு நிறைய உண்டும் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கண்டிருக்கின்றேன். வெறும் ரொட்டியும் தேநீரும் பசியை ஆற்றும், உடலைக் கட்டா. மீனுக்குத் தீனியிடுவோனும் பிள்ளைக்குச் சோறிடும் தாயும், எவ்வளவு இட்டோம் என்று கேட்டதன் பின், எது குறைந்தது என்றும் ஒருமுறை கேட்டல் வேண்டும். ஒரு கைப்பிடிப் பருப்பு அக்கேள்விக்கு விடையாகலாம்.