சுணங்கின கோழியை அறுக்கலாமா?

ஆலப்புழையில் வாத்துகள் செத்து விழுவதாக டிவியில் செய்தி வந்துவிட்டால், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் நாங்கள் போகிற வீடுகளில் முதல் கேள்வி இதுதான்: "சிஸ்டர், ஞாயித்துக்கிழமை சிக்கன் வாங்கலாமா?" தாராளமாக வாங்கலாம். 70 டிகிரி சூட்டில் பறவைக்காய்ச்சல் வைரஸ் செத்துவிடும். கறி உள்வரை வேகணும், ஆஃப்பாயில் மட்டும் வேண்டாம்.

நான் உட்கார்ந்து பேசுவது கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கிற வீடுகளில். ஓர் ஆயா வீட்டுப் பஞ்சாரத்தில் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. "சாவறதுக்குள்ள அறுத்துடலாம்னு பாக்கறேம்மா" என்றார். அவருக்கு அது கையிலிருக்கிற காசு. அதட்டினால் அடுத்த கோழியை என் கண்ணில் காட்டவே மாட்டார். எப்போதிலிருந்து இரை எடுக்கவில்லை, கொண்டை நீலம் பாய்ந்திருக்கிறதா, மூஞ்சி வீங்கியதா, கூட வேறு கோழி செத்ததா என்று விசாரித்தேன்.

"வெள்ளைக்கழிச்சல்தாம்மா."

"இருக்கலாம் ஆயா. ஆனா அதுவும் பறவைக்காய்ச்சலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். வெந்த கறியில பயமில்ல. அறுக்கறப்பவும் இறக்கை பிடுங்கறப்பவும் குடலை அலசறப்பவும்தான் வைரஸ் கண்ணுலயும் மூக்குலயும் ஏறும்."

இந்தியாவில் கோழிகளிடம் பறவைக்காய்ச்சல் முதலில் உறுதியானது 2006இல், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். மனித உயிர் ஒன்று முதன்முதலாகப் போனது 2021 ஜூலையில். டெல்லி எய்ம்ஸில் 11 வயதுச் சிறுவன். மனிதர்களுக்கு இது அபூர்வமாகத்தான் வரும், ஆளுக்கு ஆள் எளிதில் பரவாது. ஆனால் 2003 முதல் உலகெங்கும் எச்5என்1 வகைப் பறவைக்காய்ச்சல் தொற்றியதாகப் பதிவானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைக்கவில்லை. குஞ்சை மடியில் வைத்துக் கொஞ்சும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

"கால்நடை ஆளுங்களுக்குப் போன் பண்ணா எல்லாத்தையும் புடிச்சிட்டுப் போயிடுவாங்களா?" ஆயா கேட்ட கடைசிக் கேள்வி. மழுப்பக் கூடாது. போபால் ஆய்வகத்தில் உறுதியானால் சுற்றுவட்டாரக் கோழிகளையும் சேர்த்து அழிப்பார்கள், அரசு இழப்பீடு தரும் என்று உள்ளதைச் சொன்னேன். கால்நடை உதவிக்கு 1962 எண்ணை அவர் பேரன் போனில் பதிந்து கொடுத்தேன். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், ஏரியிலோ குப்பையிலோ வீசாதீர்கள் என்பதையும் அவனிடம் சொன்னேன்.

கோழியைத் தொட்டவர்களுக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. அரசு மருத்துவமனைக்குப் போய், டாக்டர் கேட்காவிட்டாலும் "வீட்ல கோழி செத்துச்சு" என்று முதலில் சொல்லணும். பறவைக்காய்ச்சலுக்கான மாத்திரை ஓசெல்டாமிவிர்; இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.